தலைமுறைகள் காத்த காளான் வீடு

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், வேலியோரத்திலும் வைக்கோற்போரின் அடியிலும் வெள்ளைக் குடைகள் விரிந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முந்திய நாள் மாலைவரை அந்த இடத்தில் ஒன்றுமே இருந்திராது. இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். விதைக்காமல் முளைத்து, ஓரிரு நாளில் அழுகிப் போகும் இந்தப் பொருளை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? அதுவும் ஒரு தலைமுறை அல்ல, நான்கைந்து தலைமுறைகள்?

பிழைத்துக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்குத் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், கென்னட் ஸ்குயர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அமெரிக்காவில் விளையும் காளானில் பாதிக்கு மேல் பென்சில்வேனியாவில் விளைகிறது. அதிலும் மிகப் பெரும் பகுதி இந்தச் சிற்றூரையும் அதைச் சுற்றியுள்ள செஸ்டர் மாவட்டத்தையும் சேர்ந்தது. ‘உலகின் காளான் தலைநகர்’ என்று ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டு, 1986 முதல் காளான் திருவிழாவும் நடத்தி வருகிறார்கள். அங்குள்ள பண்ணைகளில் பல இன்றும் குடும்பச் சொத்துகளே. கொள்ளுத்தாத்தா தொடங்கியதைக் கொள்ளுப்பேரர்கள் நடத்துகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நெல் விளைவிக்கும் குடும்பத்தில் தந்தை பிள்ளைக்கு விட்டுச் செல்வது நிலமும் கிணறும். நல்ல விதை நெல்லையும் கோட்டை கட்டி வைப்பதுண்டு. காளான் பண்ணைக்கோ நிலம் பெரிதாக வேண்டியதில்லை. வெயில் வேண்டவே வேண்டாம். ஒருமுறை காளான் விளைந்த எரு மறுமுறைக்கு உதவாது. விதையையும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறார்கள். அப்படியானால் பிள்ளை தந்தையிடமிருந்து பெறும் சொத்துதான் என்ன?

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்விக்கு ஒரு விடை தெரிகிறது. வெப்பம், நீர், காற்று ஆகிய மூன்றும் ஓர் இருட்டறைக்குள் எப்போதும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. அவற்றை இழுத்துப் பிடித்துக் கட்டிவைக்கும் திறமைதான் அந்தச் சொத்து. அது எத்தகையது என்பதைப் பார்க்கப் பண்ணைக்குள் நுழைவோம்.

பூமேடையின் அடியில்

1885ஆம் ஆண்டையொட்டி, கென்னட் ஸ்குயரில் வில்லியம் ஸ்வெய்ன் என்பவர் காரனேஷன் பூக்களைக் கண்ணாடி வீட்டில் வளர்த்து விற்று வந்தார். பூச்செடிகள் உயரமான மேடைகளின்மேல் வளர்ந்தன. மேடைகளின் அடியில் இருந்த இருண்ட இடம் சும்மா கிடந்தது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டைச் சூடேற்றச் செலவாகும் நிலக்கரியில் ஒரு பங்கு அந்த வெற்றிடத்தைச் சூடாக்கவே போயிற்று. அங்கே எதையாவது வளர்க்கலாமே என்று எண்ணிய ஸ்வெய்ன், ஐரோப்பாவிலிருந்து காளான் வித்தை வரவழைத்துப் பயிரிட்டார் என்று அவ்வூர் வரலாறு கூறுகிறது. பாரிஸ் நகரத் தோட்டக்காரர்கள் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே குதிரைச் சாணத்தில் காளான் வளர்க்கக் கற்றிருந்தார்கள்.

காளான் நன்றாகவே வந்தது. பூவுக்கு ஏற்ற வெப்பமும் காற்றும் காளானுக்கு ஒத்துவராததால் காளானுக்கென்றே தனி வீடு எழுந்தது. ஸ்வெய்னின் மகன் ஜே. பேங்க்ராஃப்ட் ஸ்வெய்ன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பித் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். காளான் வித்து தயாரிக்கும் கூடமும், காளானை டப்பாக்களில் அடைக்கும் ஆலையும் அமைத்து அதைப் பெருக்கினார். ஆகவே, அவ்வூர்க் காளானின் கதை தொடக்கத்திலேயே தலைமுறை மாற்றத்தின் கதையாக இருக்கிறது.

குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த அவ்வூர்க்காரர்கள் பலர் காளான் வீடு கட்டினார்கள். வேலைக்கு இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் வந்தார்கள். அவர்கள் கூலி வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்று, சிறுகச் சேமித்துத் தாங்களும் ஒன்றிரண்டு வீடுகள் கட்டினார்கள். இன்றைய குடும்பப் பண்ணைகளில் பெரும்பாலானவை அவர்களுடைய பேரர்களுக்கும் கொள்ளுப்பேரர்களுக்கும் உரியவை.

தானே கொதிக்கும் குவியல்

பண்ணையில் புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் அறிந்துகொள்ள வேண்டியது காளானை அல்ல, எருவை. குதிரை லாயத்து வைக்கோலும் சாணமும், உலர்ந்த புல், மக்காச்சோளச் சக்கை, கோழி எச்சம், ஜிப்சம் முதலியவற்றை நனைத்துக் குவிக்கிறார்கள். முற்காலத்தில் நகரங்களில் ஓடியவை குதிரை வண்டிகளே. எனவே சாணத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் வண்டி வந்ததும் குதிரைகள் குறைந்தன. வைக்கோலையும் சோளச் சக்கையையும் கொண்டு எரு செய்யும் முறை அதன் பிறகே ஓங்கியது. தொழிலின் அடிப்படைப் பொருளே ஒரு தலைமுறைக்குள் மாறிப்போயிற்று, பாருங்கள்.

குவித்த இரண்டொரு நாளில் அது தானே சூடாகத் தொடங்குகிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலை உண்டு, மூச்சுவிட்டு, வெப்பத்தை வெளியிடுகின்றன. குவியலின் நடுப்பகுதி 70 முதல் 80 டிகிரி செல்சியஸ்வரை ஏறும். அதிகாலைக் குளிரில் அதிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்தால் அடியில் அடுப்பு எரிகிறதோ என்று தோன்றும்.

குவியல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஓர் அழகான இயற்பியல் கணக்கு. வெப்பம் பிறப்பது குவியலின் பருமன் முழுவதிலும். அது வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியாக. குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் பருமன் எட்டு மடங்காகும். மேற்பரப்பு நான்கு மடங்கே ஆகும். ஆகவே சிறு குவியல் ஆறிப்போகும். பெருங்குவியல் சூட்டைக் காக்கும். அப்படியானால் மலைபோல் குவித்துவிடலாமே என்றால், அங்கே காற்று குறுக்கே நிற்கிறது. சூடான காற்று இலேசானது. அது நடுவில் மேலெழும்போது பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. புகைபோக்கியில் நடப்பதும் இதுவே. குவியல் மிகவும் அகன்றிருந்தால் இந்தக் காற்று நடுப்பகுதியை எட்டுமுன் அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகி, எரு புளித்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர் அகலமும் அதேயளவு உயரமும் பொருத்தம் என்று பண்ணைக்காரர்கள் எந்தச் சூத்திரமும் இல்லாமல் பட்டறிவாலேயே கண்டறிந்தார்கள்.

அந்தக் காலத்துப் பாட்டனார் எருவை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிவார். விரலிடுக்கில் நீர் ஓரிரு சொட்டாய்க் கசிந்தால் ஈரம் சரி, ஓடினால் அதிகம். முகர்ந்து பார்த்துக் காற்றோட்டத்தை அறிவார். மகன் நீண்ட கம்பி வெப்பமானியைச் செருகினார். இன்று துளைக் குழாய்கள் பதித்த கான்கிரீட் தளத்தின்மேல் எருவைக் கொட்டி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துகிறார்கள். ஆனால் பேரன் அல்லது பேத்தி கணிப்பொறித் திரையில் பார்த்தறிவதும் பாட்டனாரின் கேள்விகளுக்கான விடைகளைத்தான். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று போகிறதா?

கொதித்த எருவில் இன்னும் ஈக்களின் முட்டைகளும் வேண்டாத பூசணங்களும் இருக்கும். காளான் இழைக்கு நஞ்சான அம்மோனியாவும் இருக்கும். எனவே எருவை மூடிய அறையில் வைத்து, சுமார் 60 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். பிறகு 45 முதல் 50 டிகிரிக்குள் சில நாட்கள் வைத்திருக்கிறார்கள். இட்லிப் பானையில் 100 டிகிரி ஆவி இருக்கிறதே, அதில் அவித்து எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்தால் எரு காலி வீடாகிவிடும். காலி வீட்டில் யார் முதலில் நுழைகிறானோ அவனே சொந்தக்காரன். பாலைப் பாஸ்டர் முறையில் 63 டிகிரியில் அரைமணி நேரம் வைப்பதும் இதுபோன்றதே. தீயவை மடிய வேண்டும். ஆனால் சூட்டை விரும்பும் நல்ல நுண்ணுயிர்கள் பிழைக்க வேண்டும். எஞ்சியுள்ள அம்மோனியாவை உண்டு தீர்ப்பவை அவையே. பிற்பாடு அவையே காளானுக்கு உணவாகவும் ஆகின்றன. நாலைந்து டிகிரி தவறினால் ஒரு வீட்டு விளைச்சல் முழுவதும் ஆபத்துக்குள்ளாகிவிடும்.

வாங்கிய வித்தும் வாங்காத நோயும்

வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது எப்படி? நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலில். முற்காலக் காளான்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். பழைய படுக்கையில் பூசண இழை ஓடிய எருவை வெட்டியெடுத்துப் புதிய படுக்கையில் புதைத்தார்கள். ஆனால் பலமுறை மாற்றிய உறையில் வேண்டாத கிருமிகள் சேர்வதுபோல, இதிலும் நோயும் பூச்சியும் சேர்ந்தே பயணம் செய்தன. 1890களில் பாரிசின் பாஸ்டர் நிலையத்தார் தூய காளான் வித்தைச் செய்து காட்டினார்கள். பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் சிண்டன், கிருமி நீக்கிய தானிய மணிகளின்மேல் காளான் இழையை வளர்க்கும் முறைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். மணிகளைத் தூவினால் போதும். ஒவ்வொரு மணியிலிருந்தும் இழை நாற்புறமும் ஓடும். இன்று உலகெங்கும் வழங்குவது இந்த முறைதான். நம் ஊர்ச் சிப்பிக் காளான் வளர்ப்போர் வாங்கும் சோள மணி வித்தும் அதன் வழிவந்ததே.

இதில் இன்னொரு செய்தி உண்டு. 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் உருவாக்கிய ஒரு கலப்பினம் மொட்டுக் காளான் உலகையே பிடித்துக்கொண்டது. இன்று சந்தைக்கு வரும் வெள்ளை மொட்டுக் காளான்களில் மிகப் பெரும்பாலானவை அந்த இனமாகவோ அதன் மிக நெருங்கிய உறவாகவோ இருக்கின்றன. பண்ணைக் குடும்பங்கள் பல. அவை வளர்க்கும் காளானோ ஏறத்தாழ ஒன்றே! எல்லார் வீட்டுக்கும் ஒரே சாவி என்பதுபோன்ற நிலை இது. திருடன் ஒருவனிடம் அந்தச் சாவி சிக்கினால் என்ன ஆகும்?

பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறினால் இந்த அச்சம் புரியும். 1948இல் பென்சில்வேனியாவில் லா பிரான்ஸ் சகோதரர்கள் நடத்திய பண்ணையில் காளான்கள் விநோதமாக வளரத் தொடங்கின. தண்டு நீண்டு சாய்ந்தது. தலை சிறுத்து முன்னதாகவே விரிந்தது. படுக்கையில் ஆங்காங்கே ஒன்றுமே முளைக்காத வெற்றிடங்கள் தோன்றின. 1950இல் சிண்டனும் ஹவுசரும் இந்நோயை விவரித்து எழுதினார்கள். நோய்க்கு அந்தக் குடும்பத்தின் பெயரே நிலைத்துவிட்டது. உழைத்து வளர்த்த பெயர் இப்படி நிலைத்தால் அந்த வீட்டார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! காரணம் ஒரு வைரஸ் என்பதை 1962இல் இங்கிலாந்தில் ஹாலிங்ஸ் என்பவர் கண்டறிந்தார். பூசணத்துக்கும் வைரஸ் நோய் வரும் என்பது அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது.

இந்த வைரஸ் பரவும் வழி கவனிக்கத் தக்கது. ஒத்த இனத்து இழைகள் இரண்டு சந்தித்தால் அவை ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன. பழைய படுக்கையில் நோயுற்ற இழைத் துணுக்கு ஒன்று மரச் சட்டத்தின் வெடிப்பில் ஒளிந்திருந்தால் போதும். புதிய இழை அதைத் தொட்டதும் நோய் குடிபெயர்ந்துவிடும். விரிந்த காளான் உதிர்க்கும் நுண்ணிய ஸ்போர்களிலும் அது பயணம் செய்யும். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் கண்டிப்பான விதிகள் இரண்டு. காளானை விரிய விடாதே. பயிர் முடிந்ததும் வீட்டை ஆவியால் அவி.

காற்றைத் திறந்தால் ஈரம் போகும்

வித்து தூவிய எருவை 24, 25 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் வெள்ளை இழைகள் எரு முழுதும் படர்ந்துவிடும். இந்த நாட்களில் எருவே ஓர் உலை. இழைகள் மூச்சுவிட்டு வெளியிடும் வெப்பத்தைத் தொடர்ந்து அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் நின்று விசிறி ஓடாவிட்டால் வெப்பநிலை ஏறத் தொடங்கும். 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் இழைகள் மடிந்துபோகும். அபாய மணியின் ஓசைக்குப் படுக்கையை விட்டு எழுந்து ஓடாத காளான் குடும்பம் இருக்க முடியாது.

இழை படர்ந்தால் மட்டும் காளான் வந்துவிடாது. எருவின்மேல் நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சதுப்பு நிலக் கரிமண்ணையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்ப வேண்டும். இந்த மேல்மண்ணில் சத்து எதுவும் இல்லை. அது ஒரு தண்ணீர்த் தொட்டி. காளானின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் அல்லவா?

பிறகு வருவது ஒரு வேடிக்கையான ஏமாற்று வித்தை. மண்ணுக்குள் இருக்கும் இழைக்கு வெளியுலகை எட்டியதை எது அறிவிக்கிறது? கரியமில வாயுவின் குறைவும் குளிர்ச்சியும்தான். இழை படரும் காலத்தில் அறைக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்குகூட இருக்கலாம். வெளிக்காற்றில் இன்று அது 420 பங்குக்குச் சற்று மேல். பண்ணைக்காரர் வெளிக்காற்றைப் பாய்ச்சி, அறையில் அதை ஆயிரம் பங்கு அளவுக்குக் குறைத்து, வெப்பநிலையையும் 18 டிகிரிக்கு அருகில் இறக்குகிறார். ‘மேற்பரப்புக்கு வந்துவிட்டோம், மழைக்காலமும் வந்துவிட்டது’ என்று இழை எண்ணிக்கொள்கிறது போலும். சில நாட்களில் ஊசித்தலை அளவில் வெள்ளை மொட்டுகள் தோன்றுகின்றன.

மூன்று பகைவர்களும் உண்மையாகவே மோதிக்கொள்ளும் கட்டம் இதுதான். கரியமில வாயுவை வெளியேற்றக் காற்று வேண்டும். ஆனால் எந்தக் காற்று? பென்சில்வேனியாவில் குளிர்காலம் என்றால் உறைபனி. 0 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகமாகப் போனால் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை உள்ளே கொணர்ந்து 18 டிகிரிக்குச் சூடேற்றினால் அதனால் 15 கிராமுக்கு மேல் தாங்க முடியும். அதாவது வெளியே ஈரம் நிறைந்திருந்த காற்றின் ஒப்பு ஈரப்பதம் உள்ளே 30 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. காளானுக்கு வேண்டியதோ 85 முதல் 90 விழுக்காடு. காளானுக்கு இலைபோல மெழுகுத் தோல் கிடையாது. வறண்ட காற்று பட்டால் அது ஈரத்துணி உலர்வதுபோல உலர்ந்து, மேல்தோல் வெடித்துவிடும்.

கோடையில் கணக்கு தலைகீழாகிறது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று கொள்வோம். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 18 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம் நீராகி வடிய வேண்டும். நீராவி நீராகும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2,450 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். ஆக 22,000 ஜூல். அந்தக் காற்றை மட்டும் 12 டிகிரி குளிரச் செய்ய நீக்க வேண்டிய வெப்பமோ சுமார் 14,000 ஜூல்தான். காற்றைக் குளிர்விப்பதைவிட அதன் ஈரத்தைப் பிழிவதற்கே அதிகம் செலவாகிறது! குளிர்சாதனம் வருமுன் காளான் வீடுகள் கோடையில் ஏன் மூடிக் கிடந்தன என்பது இப்போது விளங்கும். நம் தமிழகத்துச் சமவெளியில் மொட்டுக் காளான் வளர்ப்பது செலவு பிடிப்பதாகவும், நீலகிரியில் எளிதாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். வெப்பத்தோடு மல்லுக்கட்டாமல், 30 டிகிரிக்கு மேலும் விளையும் பால் காளானைச் சமவெளிக்குத் தேர்ந்தெடுத்தார்கள் நம்மவர்கள். அதன் ஏ.பி.கே. 2 என்னும் இனத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்டது. என்னைக் கேட்டால் அதுவே புத்திசாலித்தனமான வழி.

சரி, ஈரத்தை 100 விழுக்காட்டிலேயே வைத்துவிட்டால்? அதுவும் ஆகாது. காளானிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால்தான் எருவிலிருந்து நீரும் சத்தும் மேலே ஏறும். தவிர, நிறைந்த ஈரக் காற்றில் காளானின் தலை அரை டிகிரி குளிர்ந்தாலும் அதன்மேல் பனித்துளி படியும். நனைந்த தோலில் பாக்டீரியா பெருகிப் பழுப்புப் புள்ளிகள் விழும். புள்ளி விழுந்த காளானை வாங்குவார் இல்லை. பழைய வீடுகளில் கூரையிலும் சுவரிலும் மரக்கதவுகள் இருந்தன. பாட்டனார் அவற்றை ஒரு விரற்கடை திறப்பார், அரை விரற்கடை மூடுவார். அறைக்குள் நுழைந்ததும் கன்னத்தில் படும் காற்றைக்கொண்டே நிலைமையைச் சொல்லிவிடுவார். இன்று அந்த வேலையைக் கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் செய்கின்றன. ஆயினும் கருவி அது மாட்டியிருக்கும் இடத்துக் காற்றை மட்டுமே அறியும். ஆறு தட்டு உயரமுள்ள படுக்கையில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அதனால் திரையைப் பார்த்த பின்பும் அறைக்குள் ஒரு நடை போய்வருவதை அனுபவசாலிகள் விடுவதில்லை. வீட்டில் இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் வாக்குவாதம் எழுவது பெரும்பாலும் இங்கேதான். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாளைக்குப் பறிக்கலாம் என்பதில்லை

மொட்டு பெரிதாகத் தொடங்கிவிட்டால் அதன் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமடங்காகிறது. இன்று சரியான அளவில் இருப்பது நாளை விரிந்துவிடும். விரிந்தால் விலை குறையும். ஸ்போர் உதிர்ந்தால் நோய் பரவும். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் என்று காளான் பார்ப்பதில்லை. முதற்பறிப்பு முடிந்து ஏழெட்டு நாளில் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று அலைபோல வரும். எரு குவிப்பதிலிருந்து கடைசிப் பறிப்புவரை சுமார் மூன்று மாதங்கள். ஆனால் பண்ணையில் ஒரு வீடு மட்டும் இல்லையே! ஒன்றில் வித்து தூவும்போது அடுத்ததில் மொட்டு, மூன்றாவதில் பறிப்பு. நெல் விவசாயிக்கு அறுவடைக்குப் பின் கொஞ்சம் ஓய்வு உண்டு; காளான் குடும்பத்துக்கு ஓய்வுக்காலம் என்பதே கிடையாது.

பறிப்பது பெரும்பாலும் கையால்தான். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, இருட்டில், தட்டுக்குத் தட்டு ஏறி, மெல்லத் திருகி எடுத்து, தண்டின் அடியை நறுக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். எதைப் பறிப்பது, எதை விடுவது என்று நொடிக்கு நொடி முடிவு செய்ய வேண்டும். ஒன்றை எடுத்தால் பக்கத்தில் உள்ளது பெருக்க இடம் கிடைக்கும். முதலில் இத்தாலியக் குடும்பங்களும், 1950கள் முதல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்களும், 1970களிலிருந்து மெக்சிகோ நாட்டவரும் இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்கள். 1993இல் ஒரு பண்ணையின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கமும் அமைத்தார்கள். குடும்பப் பண்ணை என்று நாம் சொல்லும்போது உரிமையாளரின் குடும்பத்தை மட்டும் நினைத்துவிடுகிறோம். அந்த வீடுகளின் சுவருக்குள் பறிக்கும் குடும்பங்களின் தலைமுறைகளும் அடங்கியிருக்கின்றன.

தொழிலில் சேரும் பிள்ளை சிறுவயதிலேயே விடுமுறை நாட்களில் பெட்டி அடுக்கியும் பறித்தும் பழகுவதுண்டு. பிறகு கல்லூரிக்குப் போய் வேளாண்மையோ பொறியியலோ வணிகமோ படித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காளானுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரும்பாதவர்களும் உண்டு. ஓய்வில்லாத வேலை என்பது ஒரு காரணம். பணம் இன்னொரு காரணம். பாட்டனார் கட்டிய சிமெண்டுக் கல் வீட்டைக் குளிர்சாதனம், கணிப்பொறி, நெதர்லாந்து முறை உலோகத் தட்டுகள் ஆகியவற்றுடன் புதுப்பிக்கப் பெருந்தொகை தேவை. வெளிநாட்டு டப்பாக் காளானின் போட்டி வேறு. சிலி, சீனா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் டப்பாக் காளானின்மீது 1998, 1999 ஆண்டுகளில் அமெரிக்கா தனி வரி விதித்தது. தாக்குப்பிடிக்க முடியாத சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளுடன் சேர்ந்துவிட்டன. எரு செய்யும் வேலையைப் பொதுக் கூடத்திடம் விட்டுவிட்டு, இழை படர்ந்த எருவையே விலைக்கு வாங்கித் தொழிலை நடத்துவோரும் இருக்கிறார்கள். பாட்டனார் முகர்ந்து பார்த்த அந்தக் குவியல் அவர்கள் பண்ணையில் இப்போது இல்லை.

மூன்றாவது பறிப்புக்குப் பின் எருவில் சத்து குறைகிறது. ஈயும் நோயும் பெருகும் வாய்ப்போ கூடுகிறது. போரிட் என்னும் சிறு ஈக்கள் 2010களில் செஸ்டர் மாவட்டத்தில் பெருகி, பண்ணைகளை விட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குள்ளும் கூட்டமாகப் புகுந்து அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதித்தன. இன்னும் கொஞ்சம் காளான் வருமே என்று பயிரை ஒரு வாரம் நீட்டினால், அந்த வாரத்தில் பெருகும் ஈ அடுத்த வீட்டின் இளம் படுக்கைக்குப் போய்ச் சேரும். எப்போது நிறுத்துவது என்பதைக் கருவி சொல்லாது. குடும்பத்தார் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததும் கதவை அடைத்து ஆவியைத் திறக்கிறார்கள். எருவும் மரமும் சுவரும் 60, 70 டிகிரிக்கு ஏறிப் பல மணி நேரம் வேகின்றன. இழை, ஸ்போர், முட்டை, வைரஸ் எல்லாம் மடிகின்றன. ஆறிய எருவை வாரித் தோட்டக்காரர்களுக்கு விற்றுவிட்டு, அறையைக் கழுவித் துடைக்கிறார்கள். அடுத்த எரு லாரி வாசலில் வந்து நிற்கும்.